ஒரு பேச்சுக்கு ஒரு சிப்பாய்

பூங்கோதைக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்தால் இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் எதிராளியின் வாயருகே வைத்துவிடுவாள். எடுத்துக்கோ என்று சொல்லாமல் சொல்வாள். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எடுத்துவிடுவார்கள். எடுத்தவர் பாடு அப்புறம் திண்டாட்டம்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவாள். எதிராளியும் அதே மாதிரி தள்ளுவான். இரண்டு சிப்பாயும் நட்டநடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். உடனே அவள் பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி வெட்டுக்குக் கொடுப்பாள். எதிராளி வெட்டினால் அவனுடைய நடுச்சிப்பாய் பக்கத்து வரிசைக்கு விலகிப்போய்விடுகிறது, நடு இடம் காலி. அடைபட்டுக் கிடந்த அவளுடைய யானைக்கும் மந்திரிக்கும் வழி திறந்துவிடுகிறது. ஒரு சிப்பாய் நஷ்டம்தான். ஆனால் அதற்கப்புறம் அடிப்பது அவள், தடுப்பது அவன். மாவட்டப் போட்டிகளில் ‘வெட்டுக் கொடுக்கிற புள்ள’ என்றே அவளுக்குப் பெயர். வெட்டுப்பட்ட சிப்பாயைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. மரக்கட்டைக்கு என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?

அந்தப் புள்ள வளர்ந்து ஈரோட்டில் வக்கீல் ஆனாள். நாற்பதைத் தாண்டினாள். கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்பாள். ஆகாதவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அதற்குள் கோர்ட்டே மாறிப்போயிருந்தது.

அப்பன் போட்ட வழக்குக்கு மகன் தீர்ப்பு வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்ததே, அதற்கு முடிவு கட்ட அரசாங்கம் ஒரு ஏற்பாடு செய்தது. சாட்சி, விசாரணை என்று எதுவும் தொடங்குமுன் ‘முன்னாட்டம்’ என்று ஒன்று. இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு இயந்திர மூளை. இவர்கள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். அவர்கள் பதிலுக்கு ஒன்று. இப்படியே மாறி மாறி. அந்த மூளையைச் செய்தவர்கள் அதற்கு முன்னால் சதுரங்க மென்பொருள் செய்துகொண்டிருந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இதில் ஒரு சட்டம் மட்டும் படு கறார். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான், பின்வாங்க முடியாது. எதிர்த்தரப்பு மோசடி செய்தது என்று நிரூபித்தால் ஒழிய ஆட்டத்தைக் கலைக்க முடியாது. காகிதத்தில் அந்த இயந்திரத்துக்கு ‘நகர்வு’ என்று பெயர். கோர்ட்டு வளாகத்தில் எல்லோரும் பெட்டி என்பார்கள். காலையில் வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சௌக்கியம் விசாரிப்பதில்லை, பெட்டி என்ன சொல்லுது என்றுதான் கேட்பார்கள்.

சாயக் கம்பெனி வழக்கு பூங்கோதையிடம் வந்தபோது ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. ஈரோட்டுக்குத் தெற்கே ஒரு தொழிற்பேட்டை. அங்கே ஒரு விடியற்காலையில் மூன்றாவது யூனிட்டில் இற்றுப்போன குழாயிலிருந்து வாயு கசிந்து, மதில் சுவருக்குப் பின்னாலிருந்த தொழிலாளிகளின் லைன் வீடுகளில் ஏழு பேர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். பிழைத்தவர்கள் நாற்பது பேர். பிழைத்தார்கள் என்று பேர்தான். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், படுத்தால் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வேண்டும். அவர்களுக்கு நஷ்டஈடும் ஆயுள் முழுக்க வைத்தியமும் கேட்டுத்தான் வழக்கு.

கம்பெனி ஒரே போடாய்ப் போட்டது. மூன்றாவது யூனிட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்திருக்கிறார்கள், அது அன்றைக்கு ஓடவே இல்லை, வாயு எங்கிருந்து வந்ததோ எங்களுக்கென்ன தெரியும் என்றது. சீல் வைத்தது உண்மை. சீலை உடைத்துத் திருட்டுத்தனமாய் ஓட்டியதும் உண்மை. ஆனால் கேமராப் பதிவு, வருகைப் பதிவு என்று எதுவும் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டார்கள். ஓடியது என்று தொழிலாளிகள் சொன்னால், பணத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. நகரவும் முடியாமல் விலகவும் முடியாமல் வழக்கு முட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் பூங்கோதையின் பெட்டி அந்த யோசனையைக் காட்டியது. மாரப்பனைக் கொடுக்கலாம்.

மாரப்பன் அந்த யூனிட்டில் வால்வு ஆப்பரேட்டர். ஐம்பது வயசு, அதிகம் பேசாத மனுஷன். வாயு அடித்தபோது மற்றவர்கள் பிடரியில் கால்பட ஓட, இவர் மட்டும் உள்ளே போய் வால்வை மூடிவிட்டுத்தான் வெளியே வந்து விழுந்தார். சாவு ஏழோடு நின்றது அதனால்தான். அவருடைய நுரையீரலும் பாதி போய்விட்டது. நாற்பது பேரில் அவரும் ஒருவர். பெட்டி சொன்னது இதுதான். வால்வைத் திறந்துபோட்டது நான்தான் என்று மாரப்பன் ஒப்புக்கொள்ளட்டும். முதலாளி மேல் ஏழு சாவுக்கும் கிரிமினல் வழக்கு தனியாக நிற்கிறது. பழியைத் தொழிலாளி தலையில் கட்டக் கிடைத்த வாய்ப்பை அவர் விடமாட்டார், ஆமாம், எங்கள் ஆப்பரேட்டரின் கவனக்குறைவுதான் என்று ஏற்றுக்கொள்வார். ஏற்றுக்கொண்ட நிமிஷமே யூனிட் ஓடியது என்று ஆகிவிடும். சீல் வைத்த யூனிட்டை ஓட்டினால், வால்வைத் திறந்தவர் யாராயிருந்தாலும் நஷ்டஈடு கொடுக்க வேண்டியது கம்பெனி. சட்டம் அப்படி.

இதைப் படித்ததும் பூங்கோதைக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்? பழைய சிநேகிதியை வெகுநாள் கழித்துக் கடைத்தெருவில் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. மாரப்பன் என்று ஒரு மனுஷர் இதில் இருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தொழிலாளர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னாள். நாற்பது பேரில் அவருடைய மகளும் உண்டு, அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயதுதான். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“செய்யாத தப்பை எப்படீங் மேடம் ஒத்துக்கச் சொல்றது?”

“ஒரு பேச்சுக்குத்தாங்க. அவங்க எடுத்துட்டா நாம உள்ள பூந்துருவோம். ஜெயிச்சதும் அவர் பேரைச் சுத்தம் பண்ணிக்கலாம்.”

“முடியுமுங்களா?”

“நான் பாத்துக்கறேன்.”

ஒரு பேச்சுக்கு. இந்த வார்த்தை இல்லாமல் நம் ஆட்களுக்கு ஒரு பொழுது போகாது. ஒரு பேச்சுக்கு நான் செத்துட்டேன்னு வச்சுக்க என்போம். ஒரு பேச்சுக்கு வாங்கன்னு சொன்னேன், குடும்பத்தோட வந்து எறங்கிட்டாங்க என்போம். சொன்னதற்கும் சொல்லாததற்கும் நடுவே நின்றுகொள்ள அது ஒரு வசதி. பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு ஒப்புக்கொண்டது, மறுத்தது என்று இரண்டே அறைதான். ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டதை வைக்க மூன்றாவது அறை இல்லை. நாச்சிமுத்துவுக்கு இது தெரியாது. மாரப்பனுக்கும் தெரியாது. பூங்கோதைக்கு நன்றாகவே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பேரும் கூடினார்கள். பூங்கோதை விளக்கிச் சொன்னாள். விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது, கம்பெனிக்கு வாசனை பட்டால் மோசடி என்று ஆட்டத்தையே கலைத்துவிடுவார்கள், வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம் என்றாள். கேட்கிறவர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எவ்வளவு காலமாய்க் கம்பெனி தங்களை முட்டாளாக்கியது, இப்போது நாம் அவர்களை முட்டாளாக்கப் போகிறோம் என்று ஒரு குதூகலம். மாரப்பன் ஓரமாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவரிடம் வந்து எல்லோரும் நின்றபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நான் மூடுனனுங்க. அது உங்களுக்குத் தெரியுமில்லீங்க?”

“தெரியும், மாரப்பண்ணா.”

“இவங்க எல்லாருக்கும்?”

மற்றவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் கையைத் தூக்கினார்கள். மூச்சிரைக்கிறவர்கள்கூடத் தூக்கினார்கள். அப்பறமென்னுங்க என்று சொல்லிவிட்டு மாரப்பன் பெட்டியின் திரையில் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி எடுத்தது. அவர்களுடைய பெட்டி வேண்டாம் என்றுதான் எச்சரித்ததாம். முதலாளி கேட்கவில்லை. ஜெயிலுக்குப் போகிற பயம் அவருக்கு, மடியில் வந்து விழுந்ததைத் தள்ளிவிட மனசில்லை. எங்கள் ஆப்பரேட்டர் மாரப்பனின் கவனக்குறைவே காரணம், அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் பூங்கோதையை யாராலும் பிடிக்க முடியவில்லை. யூனிட் ஓடியதா, ஓடியது. சீல் இருந்ததா, இருந்தது. உடைத்தது யார்? கேள்வி மேல் கேள்வியாய் நெருக்கினாள். கம்பெனி வக்கீல் வரதன் சாதாரண ஆள் இல்லை, சென்னையிலிருந்து வந்து போகிறவர். அவரே முழி பிதுங்கிப்போனார். ஒரு மாதம் போவதற்குள் நாற்பது பேருக்கும் நஷ்டஈடு, ஆயுள் முழுக்க வைத்தியம் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

நாற்பது இல்லை, முப்பத்தொன்பது. தவறு செய்தவருக்கு நஷ்டஈடு கிடையாது அல்லவா.

ஊரில் வெடி வெடித்தார்கள். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உங்கள் பங்கைத் தருகிறோம் என்று மாரப்பனிடம் சொன்னார்கள். அதெல்லாம் வேண்டாமுங்க, பேரை மட்டும் சுத்தம் பண்ணிக் கொடுங்க என்றார் அவர். பேர் அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. ஏழு பேரைக் கொன்ற ஆப்பரேட்டர் என்று தொலைக்காட்சியில் அவர் படத்தைப் போட்டுவிட்டார்கள். செத்த ஏழு பேரில் ஒருவன் அவர் மனைவி பாவாத்தாளின் கூடப்பிறந்த தம்பி. தீர்ப்பு வரும்வரை மாரப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் வாயைத் திறக்கவில்லை, கொடுத்த வாக்கு. தீர்ப்புக்கப்புறம் உள்ளதைச் சொன்னார். அவள் நம்பவில்லை. கோர்ட்டே சொல்லியிருச்சு, அப்பறம் எங்கிட்ட எதுக்குக் கதை கட்டற என்று சொல்லிவிட்டுப் பெட்டி படுக்கையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாரப்பன் பூங்கோதையின் அலுவலகத்துக்கு வந்தார். எப்பங்க வாபஸ் வாங்கறது என்று கேட்டார். அவள் மேல்முறையீட்டுக் காலம் முடியட்டும் என்றாள். அது முடிந்தும் வந்தார். இப்போது அவளுக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. அந்த ஒப்புதலின் மேல்தான் தீர்ப்பே உட்கார்ந்திருக்கிறது, அதை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும், நாச்சிமுத்துவின் மகள் மூக்கிலிருந்து குழாயைப் பிடுங்கின மாதிரி ஆகிவிடும் என்றாள். மெதுவாக, அழகாக, கோர்வையாகச் சொன்னாள். அவளுக்குச் சொல்லவா தெரியாது.

“அப்ப அன்னைக்கே முடியாதுன்னு தெரியுமுங்களா வக்கீலம்மா?”

அவள் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். அவர் போய்விட்டார்.

சங்கத்து ஆட்களிடம் போனார். போன இடமெல்லாம் காப்பி கொடுத்தார்கள், கண்ணைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து அவர் தூரத்தில் வருவதைப் பார்த்தால் சைக்கிளை ரோட்டின் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அவர்கள் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றால் யார் நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு மனுஷரின் பேரா, தன் பிள்ளையின் மூச்சா என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள்.

அப்புறம் போலீஸ் வந்தது. ஏழு சாவுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும், முதலாளி மேலிருந்த வழக்கு அப்படியே கைமாறி மாரப்பன் மேல் வந்து நின்றது. முதலாளி ஏதோ ஒரு கோயிலுக்குத் தங்கத்தேர் இழுக்கப் போனார் என்று கேள்வி.

இந்தச் சமயம் பார்த்து வரதன் ஆள் அனுப்பினார். மாரப்பனுக்காகத் தாமே வாதாடுவதாகச் சொன்னார். ஒப்புதல் பொய், அந்த வக்கீலம்மாவும் சங்கமும் சேர்ந்து சொல்லச் சொன்னார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். மோசடி என்று முன்னாட்டமே கலைந்துவிடும், மாரப்பன் வழக்கிலிருந்து வெளியே வந்துவிடலாம். கூடவே யூனிட் ஓடியது என்று கம்பெனி ஒப்புக்கொண்டதும் கலைந்துவிடும் என்பதை வரதன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இவ்வளவு பட்டபின் மாரப்பனுக்கே அது புரிந்திருந்தது.

அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? நேராகப் பூங்கோதையிடம் வந்து சொன்னார்.

“அவங்க கூப்பிடறாங்க. எனக்கு அங்க போறதுக்கு மனசில்லீங்க. நீங்க ஏதாவது வழி பண்ணறனு சொன்னீங்கன்னா நான் போகல.”

“கொஞ்சம் பொறுங்கண்ணா, யோசிக்கறேன்.”

பொறுத்தார். அவள் யோசித்தாள், யோசித்தாள், வேறு வழக்குகள் வந்தன. சாயக் கம்பெனி வழக்குக்கப்புறம் அவள் வாசலில் கூட்டம். பெரிய அலுவலகம் பார்த்துப் போனாள், புதுக் கார் வாங்கினாள். அவளை ஒரே அடியாய் ராட்சசி என்று நினைத்துவிட வேண்டாம். மாரப்பன் ஞாபகம் வராத நாள் கிடையாது. ஞாபகம் வந்து என்ன செய்வது? மாரப்பனைக் கைது செய்ய வாரண்ட் வந்த அன்று அவர் வரதனிடம் போனார்.

முன்னாட்டத்தைக் கலைக்கச் சொல்லி வரதன் மனுப் போட்டார். அந்த விசாரணைக்கு முந்தின தினம் பூங்கோதை பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். நிலைமையை ஊட்டிவிட்டு, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டாள். அது இரண்டு வழி காட்டியது. இரண்டாவது, மறுப்பது. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை, மாரப்பன் தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்பது. தீர்ப்பு நிற்கும், மாரப்பன் உள்ளே போவார்.

முதலாவதை அவள் கடைசியாகத்தான் படித்தாள். வழக்கறிஞரைக் கொடுக்கலாம் என்றிருந்தது.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி கேட்டாள். பெட்டி பொறுமையாக விளக்கியது. பொய் ஒப்புதலைத் தயாரித்தது தான் மட்டுமே, தன் கட்சிக்காரர்கள் எதுவும் அறியாதவர்கள் என்று வழக்கறிஞர் ஒப்புக்கொள்ளட்டும். வக்கீல் செய்த மோசடிக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எனவே ஆட்டம் கலையாது, முப்பத்தொன்பது பேரின் நஷ்டஈடும் வைத்தியமும் அப்படியே இருக்கும். மாரப்பன் விடுதலை ஆவார், அவருக்கும் பங்கு கிடைக்கும். வால்வைத் திறந்தவர் அவர் இல்லை என்றானதும் ஏழு சாவும் மறுபடி முதலாளி கழுத்துக்கே போகும், இந்தமுறை யூனிட் ஓடியது என்று அவரே ஒப்புக்கொண்ட நிலையில். இழப்பு ஒன்றே. வழக்கறிஞரின் உரிமம் ரத்தாகும், சிறைத்தண்டனையும் வரலாம். மிகச் சிறந்த நகர்வு இதுவே என்று போட்டிருந்தது.

இவ்வளவு சுத்தமான வெட்டுக் கொடுப்பை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு காய் போகிறது, மற்ற அத்தனை காய்க்கும் வழி திறக்கிறது. வேறு யாராவது ஆடியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பாள்.

வேறு வழி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றது. மறுநாள் காலையில் மறுபடி கேட்டாள். அப்போதும் இல்லை என்றது.

கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. சங்கத்து ஆட்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் மடியில் சிலிண்டரோடு. மாரப்பன் கூண்டில் ஏறினார். வரதன் கேட்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மிகைப்படுத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. நான் மூடுனது அவங்க எல்லாருக்கும் தெரியுமுங்க, கையத் தூக்குனாங்க என்றார். ஒரு பேச்சுக்குத்தான்னு சொன்னாங்க, அதனால ஒத்துக்கிட்டனுங்க என்றார்.

நீதிபதி நாச்சிமுத்துவை எழுப்பி அப்படிக் கூட்டம் நடந்ததா என்று கேட்டார். நாச்சிமுத்து மாரப்பனைப் பார்க்காமல் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

“இல்லீங் சாமி. அப்படி ஒண்ணும் நடக்கலீங்க.”

கூட்டத்துக்குப் போனவர்கள் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம் என்றார் நீதிபதி. ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்துவின் மகள் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூச்சுத் திணறுகிறது போல என்று பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

கடைசியில் நீதிபதி பூங்கோதை பக்கம் திரும்பினார். வயதானவர், நிதானமானவர். நீங்கள் ஒரு வழக்கறிஞர், உங்கள் வார்த்தையை நான் எடுத்துக்கொள்வேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

“இந்த ஒப்புதலைச் சொல்லச் சொன்னது நீங்களா?”

அவள் எழுந்தாள். மேசைமேல் பெட்டியின் திரையில் முதல் வழி இன்னும் முதல் இடத்திலேயே இருந்தது. அவளுக்கு யாரும் எதிரியில்லை இப்போது. வரதன்கூட எதிரியில்லை. இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நானேதான் ஐயா. சொன்னால் நாளைக்கே கூண்டில் நிற்கிற மனுஷர் வீட்டுக்குப் போவார், பாவாத்தாள் திரும்பி வருவாள், முதலாளி தேரை விட்டிறங்கி வர வேண்டியிருக்கும். முப்பத்தொன்பது பேருக்கு ஒரு மயிரும் குறையாது. அலுவலகம் போகும். கறுப்புக் கோட்டு போகும். அம்மா தொலைக்காட்சியில் பார்ப்பாள். தன்னைப் போலவே ஒருத்தி எங்கோ உட்கார்ந்து, சரியான நகர்வு, அவளைக் கொடுத்ததுதான் அழகு என்று ரசிப்பாள். அந்த நினைப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. நான் என்ன மரக்கட்டையா என்று தோன்றியது.

“இல்லைங்க ஐயா. அவர் பொய் சொல்றார்.”

குரல் நன்றாகத் தெளிவாக, கடைசி வரிசைக்குக் கேட்கும்படிதான் வந்தது. நீதிபதி எழுதிக்கொண்டார். வரதன் தம் பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவருடைய பெட்டியும் அதே முதல் வழியைக் காட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் முகத்தில் தோற்ற வருத்தம் இல்லை, பயந்தது நடக்கவில்லையே என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. வழக்கு போனாலும் அவருடைய முதலாளி தப்பித்தார்.

நீதிபதி மாரப்பனிடம், இதற்கு மேல் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். மாரப்பன் பூங்கோதையைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்த வீடு என்று கதவைத் தட்டி, வேறு யாரோ திறந்தால் பார்ப்போமே, அப்படி.

“ஒண்ணுமில்லீங்க. படிச்சவங்க சொல்றாங்க, அப்படியே எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார்கள். மோசடி நிரூபணம் ஆகவில்லை, தீர்ப்பு நிற்கும் என்று உத்தரவாயிற்று. போலீஸ்காரர் மாரப்பனைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார். படியில் இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, போலீஸ்காரரே கொஞ்சம் நின்று கூட்டிப்போனார்.

முன்வாசலில் சங்கத்து ஆட்கள் ஆளுயர ரோஜா மாலையோடு காத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஆனாலும் மாலை வாங்கியாகிவிட்டது, போட்டுத்தானே ஆக வேண்டும். நாச்சிமுத்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். பூங்கோதை கழுத்தை நீட்டினாள்.